மாதையன் எடுத்த வண்டி

நம் தொழிலில் யாரும் பஸ்ஸை ஓட்டுவதில்லை, எடுக்கிறோம். "ஆறு மணி சேலம் வண்டிய இன்னிக்கு யாரு எடுக்கறது?" என்றுதான் டெப்போவில் கேட்போம். காய்ச்சல் வந்தால் "இன்னிக்கு நான் வண்டி எடுக்கல" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்வோம். புதிதாகச் சேர்ந்த நீங்களும் இதற்குள் அப்படிப் பேசப் பழகியிருப்பீர்கள். இந்த ஒரு வார்த்தை வெளியாள் ஒருவர் காதில் விழுந்தபோது ஒரு குடும்பத்துக்கு என்ன ஆனது என்பதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

போன மாதம் நம் தர்மபுரி டெப்போ வாசல் டீக்கடையில் உங்களில் ஒரு தம்பி என்னைப் பிடித்துக்கொண்டார். "சார், உங்க பென்ஷன் எங்க சம்பளத்துல இருந்துதான் போவுது. ஒரு டீயாவது வாங்கிக் குடுங்க" என்றார். வாங்கிக் கொடுத்தேன், வடையும் சேர்த்து. எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது சிரிப்பு போய்விட்டது. அந்தத் தம்பி தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு நான் அங்கேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் சொல்ல வேண்டிய பதிலில் மாதையன் வருகிறார், அவர் மகன் வருகிறார். டீ ஆறுவதற்குள் முடிகிற கதை இல்லை அது.

கிளட்ச், கியர், கண்ணாடி பார்ப்பது எல்லாம் உங்களுக்குச் சொல்லித்தர இப்போது வேறு இன்ஸ்ட்ரக்டர் இருக்கிறார். நான் டிரைவராகச் சேர்ந்து, கடைசிக் காலத்தில் இன்ஸ்ட்ரக்டராகி, அப்படியே ஓய்வு பெற்றவன். அந்த ஓய்வுக்குச் சில மாதங்கள் இருந்தபோதுதான் அந்த ஸ்ட்ரைக் வந்தது.

ஸ்ட்ரைக்கில் இரண்டு கோரிக்கைகள் முக்கியமானவை. ஓய்வு பெற்றவர்களுக்குப் பல வருஷமாக ஏறாமல் கிடந்த பஞ்சப்படியைக் கொடுக்க வேண்டும் என்பது ஒன்று. இரண்டாயிரத்து மூன்றுக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கும் பழைய பென்ஷன் வேண்டும் என்பது இன்னொன்று. விலைவாசி ஏறியும் பென்ஷன் ஏறாமல் கிழவர்கள் வெளியே தவித்தார்கள். இளசுகளுக்கோ, தங்கள் சம்பளத்தில் பிடிப்பது ஒழுங்காகப் போய்ச் சேர்கிறதா, கடைசியில் கைக்கு என்ன வரும் என்றே தெரியாது. "நம்ம கிட்ட புடிச்ச காசெல்லாம் டீசலாப் போச்சுங்க" என்று கேட்டில் மைக்கைப் பிடித்தவர்கள் பேசினார்கள். நான் இதில் எந்தப் பக்கமும் சேராதவன். எனக்குப் பழைய பென்ஷன் உறுதி. இன்ஸ்ட்ரக்டர் என்பதால் மேற்பார்வையாளர் கணக்கில் வைத்து, வேலைக்கு வந்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

கேட்டைத் தாண்டி உள்ளே போகும்போது பின்னாலிருந்து "கருங்காலி" என்று கத்தினார்கள். இப்போது நல்லது நடக்கும் என்று ஆளாளுக்குக் கருங்காலி மாலை போட்டுக்கொண்டு திரிகிறார்கள். அன்றைக்கு அந்த வார்த்தை முதுகில் எச்சில் பட்ட மாதிரி இருந்தது. கத்தியவர்களில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவன் நான்.

உள்ளே எனக்குக் கொடுத்த வேலை, தற்காலிக டிரைவர்களாக வருபவர்களைச் சோதித்து அனுப்புவது. வந்தவர்களைப் பார்க்க வேண்டுமே! ஒருவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். இன்னொருவர் ஜேசிபி. ஜேசிபி தம்பி டெப்போவுக்குள்ளேயே ரிவர்ஸ் எடுத்து, டீசல் பங்க் தூணில் வண்டியைச் சாய்த்து வைத்தார். மேனேஜருக்கோ கலெக்டர் ஆபீசிலிருந்து போன் மேல் போன். எத்தனை வண்டி வெளியே போயிற்று என்ற ஒரே கேள்விதான். வண்டியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

இரண்டாம் நாள் விடியற்காலை, கேட்டில் கூட்டம் சேருவதற்கு முன்பே, ஒர்க்‌ஷாப் பக்கச் சந்து வழியாக மாதையன் உள்ளே வந்தார். நான் புதிதாகச் சேர்ந்த காலத்தில் அவர் சீனியர் டிரைவர், என்னைத் தம்பி என்று கூப்பிட்டவர். நான் இன்ஸ்ட்ரக்டர் ஆன மறுநாளே அதைச் 'சார்' என்று மாற்றிக்கொண்டார், நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. ஓய்வு பெற்றுச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. பஞ்சப்படிக்காகப் பேச வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

"என்னங்கண்ணா, உள்ள வந்துட்டீங்க? கூட்டம் வெளிய இல்ல சேரும்?"

"கூட்டத்துக்கு வர்ல சார். வண்டி எடுக்க வந்தன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் மகன் சக்திவேல் எங்கள் டெப்போவிலேயே ரிசர்வ் டிரைவர். நிரந்தரம் ஆகிற கட்டத்தில் இருந்தார். முதல் நாள் முழுக்கக் கேட்டில் நின்று, அப்பாக்களுக்குப் பஞ்சப்படி கொடு என்று தொண்டை கட்டக் கத்தியவர்களில் அவரும் ஒருவர். மகன் வெளியே யாருக்காகக் கத்தினாரோ, அந்த ஆள் உள்ளே வந்து நிற்கிறார்.

ஓய்வு பெற்றவர்களை எடுக்கக் கூடாது என்று மேலிடம் வாய்மொழியாகச் சொல்லியிருந்தது. மேனேஜரிடம் போய் அதை ஞாபகப்படுத்தினேன். அவர் போனைக் காதில் வைத்தபடியே, "லைசென்ஸ் இருக்குல்ல? டெஸ்ட் பண்ணி அனுப்புங்க. நான் பாத்துக்கறேன்" என்றார். தம்பிகளே, தங்கைகளே, ஒரு அதிகாரி வாயால் 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொன்னால் அங்கேயே நில்லுங்கள். எழுத்தில் வாங்காமல் நகராதீர்கள்.

அவரைச் சேலம் வண்டிக்குப் போடுவதாக மேனேஜர் சொன்னதால், சோதனை ஓட்டத்தைத் தொப்பூர் கணவாயில் வைத்தேன். அவர் ஓட்டியதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பழைய வண்டி அது, கியர் மாற்றினால் பல்லைக் கடிக்கும். அவர் கையில் சத்தமே இல்லை. நல்லம்பள்ளி தாண்டும்வரை, இந்த மனுஷனை ஏன் வீட்டில் உட்கார வைத்தார்கள் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். கணவாய் இறக்கம் தொடங்கியதும் அவர் இடது கை தானாகப் போய்க் கியரை நியூட்ரலுக்குத் தள்ளியது.

"அண்ணா, கியர்!"

"மைலேஜ் சார்" என்றார், சாதாரணமாக.

டீசல் மிச்சம் பிடித்ததற்காக மேடையில் சால்வை வாங்கியவர் அவர். எங்கள் காலத்தில் அதிக மைலேஜ் காட்டிய பலர் இந்த இறக்கத்தில் இன்ஜின் பிடிப்பை விட்டு நியூட்ரலில்தான் வந்தார்கள். எல்லாருக்கும் தெரியும், யாரும் கேட்க மாட்டார்கள். டீசல் மிச்சமானால் கைதட்டல், பிரேக் சூடாகி முன்னால் போகிற லாரியில் இடித்தால் மெமோ. அன்றைக்கு அவரிடம் யாரும் மைலேஜ் கேட்கவில்லை. போக்குவரத்துக் கழகமே முடங்கிக் கிடந்தது. ஆனாலும் அந்தக் கை கழகத்துக்கு டீசல் மிச்சம் பிடித்துக்கொண்டிருந்தது. எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

அடிவாரத்தில் ஓரமாக நிறுத்தச் சொன்னேன். "சேலம் வண்டி உங்களுக்கு ஆவாதுங்கண்ணா. வூட்டுக்குப் போங்க" என்றேன்.

அவர் ஸ்டியரிங்கை விடவில்லை. "சார், நாலு நாளைக்குக் குடுங்க போதும். வேலைக்குப் போவாத நாளுக்குச் சம்பளம் கெடையாதுன்னுட்டாங்க. அவனுக்கு வூட்டு லோன் இருக்குது, புள்ளைக்கு ஸ்கூல் பீஸ் இருக்குது. என் பென்ஷனு எங்க ரெண்டு பேரு மருந்துக்கே சரியாப் போயிடுது. அவன் எனக்காக வெளிய நிக்கறான். அவன் நிக்கறதுக்காக நான் ஓட்டறன். இதுல என்னா சார் தப்பு?"

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா உடுவானா?"

திரும்பும்போது ஸ்டியரிங்கை நான் வாங்கிக்கொண்டேன். அவர் முன்சீட்டில் உட்கார்ந்து வந்தார். நல்லம்பள்ளியில் ஒரு அம்மா தக்காளிக் கூடையோடு ரோட்டுக்கே வந்து கையைக் காட்டினார். இது பயணிகள் வண்டி இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை, ஏற்றிக்கொண்டேன். ஏறியதிலிருந்து இறங்கும்வரை எங்களைத் திட்டிக்கொண்டே வந்தார்.

"ஆட்டோக்காரன் கேக்கற காசுக்குத் தக்காளியவே அவனுக்குக் குடுத்துட்டுப் போவலாம். எதுக்கு ஸ்ட்ரைக்காம்? பென்ஷனுக்காம்! எங்களுக்கு யாருங்க பென்ஷன் குடுக்கறாங்க? கெணறு வத்துனப்ப நாங்க யாரு கேட்டுல போயி நின்னம்? பஸ்சுக்கு டிக்கெட்டு நாங்க வாங்கறம், கடையில வாங்கற சாமானுக்கு வரி நாங்க கட்டறம். நீங்க ஓஞ்சு ஒக்காந்து திங்கறதுக்கு நாங்க ஒழைக்கணுமா?"

மகளிருக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட்டே இல்லையே என்று எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. நல்லவேளை, சொல்லவில்லை. அந்த அம்மா கேட்டதில் பாதி நியாயம் இருந்தது. மாதையன் முகத்தைத் திருப்பாமல் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தர்மபுரியில் அவரே எழுந்துபோய்க் கூடையை இறக்கிக் கொடுத்தார். அந்த அம்மா அவரை யாரோ தற்காலிக ஆள் என்று நினைத்து, "நீயாவது வந்தியே சாமி, நல்லாயிரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

டெப்போவுக்கு வந்து மேனேஜரிடம், இவருக்குக் கணவாய் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னேன். வேண்டுமானால் பாலக்கோடு டவுன் பஸ் கொடுக்கலாம், சமதள ரோடு, வேகமும் கிடையாது. மேனேஜருக்கு எண்ணிக்கைதான் வேண்டும், எந்த ஊர் வண்டி என்றால் என்ன? சரி என்றார். மாதையனும் கையெடுத்துக் கும்பிட்டார். பயணிகளையும் காப்பாற்றி, அவர் வீட்டு அடுப்பையும் எரிய வைத்துவிட்டோம் என்று எனக்கு உள்ளூர ஒரு பெருமை. ஆபத்து கணவாயில் மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வண்டி கேட்டை நெருங்கியபோது நான் செக்யூரிட்டி அறை வாசலில் நின்றிருந்தேன். போலீஸ் நாலு பேர் கூட்டத்தை ஒதுக்கினார்கள். மாதையன் துண்டைத் தலையோடு சுற்றிக் காது வரைக்கும் மூடியிருந்தார். ஆனால் ஒருவர் பஸ் ஓட்டும்போது தோள் எப்படி இருக்கும் என்பது அவர் மகனுக்குத் தெரியாதா? சக்திவேல் கூட்டத்திலிருந்து பிய்த்துக்கொண்டு ஓடி வந்தார். "அப்பா! எறங்குப்பா! எறங்கு!" என்று வலது கையைத் தூக்கிக்கொண்டு வண்டிக்கு நேராக ஓடினார். அதே நொடியில் எதிர்ப் பக்கத்திலிருந்து கல் வந்தது. முன்கண்ணாடி உடைந்து உள்ளே கொட்டியது.

எறிந்தது யார் என்று நான் பார்க்கவில்லை. எங்கள் ஆட்களில் ஒருவரா, வேடிக்கை பார்க்க வந்தவரா, இன்றுவரை தெரியாது. மாதையன் அந்த நிலையிலும் பிரேக்கை அழுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, வண்டியை நிறுத்திவிட்டுத்தான் முகத்தைப் பொத்திக்கொண்டார். மகன்தான் மேலே ஏறி அவரைத் தூக்கி இறக்கினார். வலது கண் போய்விட்டது. இங்கே ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, சேலத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். அங்கேயும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அடுத்த வாரம் ஸ்ட்ரைக் முடிந்தது. பேச்சுவார்த்தை, உறுதிமொழி, எல்லாம் வழக்கப்படி. மாதையனை மட்டும் எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. அவர் ஊழியர் இல்லை. தற்காலிக ஆளாகவும் இருக்கக் கூடாதவர். கூடாதவர் கையில் வண்டி எப்படிப் போனது என்று தலைமை அலுவலகம் கேட்டது. அந்தக் கேள்வி மேனேஜர் கழுத்தில் நின்றது.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது மேனேஜர் எனக்கு முன்பே வந்து போயிருந்தார், ஆரஞ்சுப் பழத்தோடு. அவர் போனில் ஒரு வீடியோ இருந்ததாம். யாரோ கேட்டில் எடுத்தது. கையைத் தூக்கிக்கொண்டு ஒருவர் வண்டியை நோக்கி ஓடுகிறார், அடுத்து கண்ணாடி உடைகிறது. ஓடுபவர் முகம் தெளிவாகத் தெரிகிறது. சத்தம் மட்டும் சரியாகக் கேட்கவில்லை. மாதையன் தானாகவே வண்டியை எடுத்துப் போனதாகச் சொல்லிவிட்டால் அந்த வீடியோவை அழித்துவிடுவதாக மேனேஜர் சொல்லியிருக்கிறார். இல்லையென்றால் அது போலீசுக்குப் போகும். பொதுச் சொத்தைச் சேதப்படுத்தியதாக வழக்கு வந்தால் ரிசர்வ் டிரைவருக்கு வேலை நிற்குமா?

"அண்ணா, அனுமதி இல்லாம எடுத்தன்னு ஒத்துக்கிட்டா உங்க மேல கேஸ் வரும். தண்டன ஆச்சுன்னா பென்ஷனையே நிறுத்திடுவாங்க, தெரியுமில்ல?"

"தெரியும் சார்." கட்டுப் போட்ட முகத்தை என் பக்கம் திருப்பினார். "பென்ஷன் போனாப் போவட்டும். அவன் வேலை நிக்கணும். நீங்க எனக்காகப் பொய் சொல்ல வேணாம். என்னக் கேப்பாங்க, நான் சொல்லிக்கறன். நீங்க சும்மா இருந்தாப் போதும்."

நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

விசாரணை மேனேஜர் அறையிலேயே நடந்தது. வந்த அதிகாரி கணக்குப் பிரிவிலிருந்து மேலே வந்தவர், நல்ல மனிதர், அவரைக் குறை சொல்ல மாட்டேன். பக்கத்தில் ஒரு பெண் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்தார்.

"வண்டிய எடுத்தது யாரு?"

"நான்தாங்க எடுத்தன்."

"யாராவது கூப்பிட்டாங்களா?"

"யாரும் கூப்புடலீங்க. நானாத்தான் வந்தன்."

"சாவி எப்படிக் கிடைச்சுது?"

"அந்த வண்டிக்குச் சாவி ஏதுங்க? சுவிட்சத் தட்டுனா ஸ்டார்ட் ஆயிடும்."

எல்லாமே உண்மை. ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதிகாரி அந்தப் பெண்ணிடம் திரும்பி, "'பணிமனையில் நின்றிருந்த பேருந்தை யாருடைய அனுமதியும் இன்றித் தானே எடுத்துச் சென்றதாக ஒப்புக்கொண்டார்' என்று போட்டுக்கொள்ளுங்கள்" என்றார். மாதையன் ஆயுசு முழுக்கச் சொன்ன அதே வார்த்தைதான், அந்தக் கம்ப்யூட்டருக்குள் போனதும் திருட்டாகிவிட்டது. மேனேஜர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க ஏதாவது சொல்லணுமா?" என்று அதிகாரி என்னைக் கேட்டார். போகிற போக்கில் கேட்டதுதான், பேப்பர்களை அடுக்கிக்கொண்டே. நான் இல்லை என்று தலையை ஆட்டியிருந்தால் போதும், எல்லாரும் எழுந்து போயிருப்போம்.

"சார், எங்க பேச்சுல வண்டி எடுக்கறதுன்னா டூட்டி பாக்கறதுங்க. இவரு திருடல. நான் டெஸ்ட் வெச்சன், மேனேஜர் அனுப்பச் சொன்னாரு, நான் அனுப்புனன்."

பிறகு அதிகாரி அந்தப் பெண்ணிடம், அடித்ததை எடுத்துவிடச் சொன்னார். மாதையன் மிச்சமிருந்த கண்ணை மூடிக்கொண்டார். நன்றியில் மூடவில்லை என்று எனக்கு அப்போதே தெரிந்தது.

அன்று சாயங்காலமே வீடியோ போலீசுக்குப் போனது. சக்திவேல் மீது வழக்கு, உடனே வேலை நீக்கம். அவருக்காக நானும் சாட்சி சொன்னேன். தகப்பனை இறங்கச் சொல்லித்தான் ஓடினார், கல் எதிர்ப் பக்கத்திலிருந்து வந்தது என்றேன். "எறிஞ்சது யாருன்னு பாத்தீங்களா?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். "அப்ப இவர் எறியலன்னு எப்படிச் சொல்றீங்க?" என்றார்கள். வழக்கு வருஷக்கணக்காக இழுத்து, சாட்சி போதாது என்று தள்ளுபடியானது. அதற்குள் அவர் இடத்தில் வேறு ஆள் வந்தாயிற்று. மேனேஜருக்கு வேறு ஊருக்கு மாற்றல் கிடைத்தது, பிற்பாடு மாலை மரியாதையோடு ஓய்வும் பெற்றார்.

நானும் குறித்த நாளில் ஓய்வு பெற்றேன். என் பென்ஷனில் எந்தத் தடங்கலும் வரவில்லை. அதுதான் உறுத்துகிறது. அன்றைக்கு நான் தலையை ஆட்டி, பின்னால் ஒருநாள் விஷயம் வெளியே வந்திருந்தால், சில மாதத்தில் ஓய்வு பெறப் போகிறவனை, உண்மையை மறைத்ததற்காக விசாரணை என்று ஓய்வு பெற விடாமல் நிறுத்தியிருப்பார்கள். அப்படி நிறுத்தப்பட்டவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நான் வாய் திறந்தது நியாயத்துக்காகவா, என் பென்ஷனுக்காகவா? இரண்டும்தான் என்று சொல்லிக்கொள்கிறேன். எது முந்தியது என்று எனக்கே தெரியவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் செய்தது சரி என்று உங்களிடம் மார்தட்ட மாட்டேன். உங்களைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. நீங்கள் சொல்லப்போகும் உண்மைக்கு விலை கொடுக்கப்போவது யார் என்று ஒரு நிமிஷம் பாருங்கள். நான் சொன்னேன், சக்திவேல் கொடுத்தார்.

மாதையன் என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். கடைசியாகப் பேசியது பாலக்கோடு மார்க்கெட்டில். தற்செயலாக எதிரில் வந்துவிட்டார், ஒதுங்க இடமில்லை.

"பென்ஷன் வருதுங்களாண்ணா?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"வருது. அதுலதான் அஞ்சு பேரு சாப்புடறம்" என்றார். கொஞ்சம் நடந்துவிட்டுத் திரும்பினார். "நான் இன்னும் எத்தினி நாளைக்கு இருப்பன்? அவனுக்கு முன்னால முழு சர்வீசும் இருந்துச்சு. எதை வெச்சிக்கறது, எதை உடறதுன்னு எனக்குத் தெரியாதா சார்? என்னைக் கேட்டீங்களா?"

டீக்கடையில் என்னைப் பிடித்துக்கொண்ட தம்பிக்கு இதுதான் பதில். என் பென்ஷனை யார் கொடுக்கிறார்கள் என்று கேட்டீர்கள். நீங்களும் கொடுக்கிறீர்கள், நல்லம்பள்ளி அம்மாவும் கொடுக்கிறார். நானும் என் காலத்தில் கொடுத்தேன். இதை மேடையில் பேச நிறைய ஆள் இருக்கிறார்கள், நியாயம் எல்லாப் பக்கமும் இருக்கிறது. நான் கண்ணால் பார்த்தது, கிழவரும் பிள்ளையும் ஒருவருக்காக ஒருவர் கொடுக்கப் போய், இரண்டு பேர் கையும் காலியானது.

இந்த வருஷம் மாதையன் போய்ச் சேர்ந்தார். காரியம் முடிந்து சில நாளில் சக்திவேல் என் வீட்டுக்கு வந்தார். அவர் இப்போது தக்காளி லாரி ஓட்டுகிறார். சம்பளம் நடைக்கு இவ்வளவு என்று, போகாத நாளுக்கு இல்லை. என் மேல் அவருக்குக் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை, இருந்தால் நன்றாக இருந்திருக்கும். அம்மாவுக்குக் குடும்ப பென்ஷன் மாற்ற வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். சொன்னேன். தொகை முன்பு வந்ததைவிடக் குறையும் என்பதையும் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

எழுந்து வாசல்வரை போனவர் நின்றார்.

"சார், அம்மாவுக்கப்புறம் இது யாருக்கு வரும்?"

"யாருக்கும் வராது சக்திவேல். அதோட முடிஞ்சுது."

அவர் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டார். பிறகு சிரித்தார்.

"அப்ப அம்மாவப் பத்திரமா வெச்சிக்கணும் சார்" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். ராத்திரிக்குள் தொப்பூர் தாண்ட வேண்டும் என்று சொல்லிவிட்டு லாரியை எடுக்கப் போனார்.